உயிர் கொடுத்தால் போதுமா?

அறிவியல் மனிதனுக்குக் கிடைத்த அரிய வரம். அதைக் கையாள்பவனுக்கு அன்பில்லாவிட்டால் என்ன நேரும் என்பதை எனக்கு உணர்த்தியது பாடநூலன்று; ஒரு பழைய திகில் படம்.

1989-இல் வேலு பிரபாகரன் இயக்கத்தில் வெளிவந்த 'நாளைய மனிதன்' அது. இறந்தவரை எழுப்பும் மருந்தைக் கண்டுபிடிக்கும் விஞ்ஞானியாக ஜெய்சங்கர் நடித்திருந்தார். மருந்து ஏறியதும் பிணம் எழுகிறது. எழுந்தவன் உயிர்களைப் பறிக்கிறான்! விடுமுறையில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இக்கதையின் வேர் பழையது. 1818-இல் வெளிவந்த 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை மேரி ஷெல்லி எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. என்னைவிட மூன்றே ஆண்டு மூத்தவர். அதில் வரும் விஞ்ஞானி, தான் உயிர் கொடுத்த உருவம் கண் திறந்ததும் அஞ்சி ஓடிவிடுகிறான். ஆதரவற்ற அந்த உயிர்தான் பின்னர் கொடியதாகிறது. 1931-இல் அது ஹாலிவுட் படமாகி உலகையே நடுங்க வைத்தது.

அதே 1931-இல் ஒடெசா நகரில் பிலாத்தோவ் என்ற மருத்துவர், இறந்தவரின் கருவிழியை உயிரோடிருப்பவருக்கு வெற்றியுடன் பொருத்தினார். இன்று நம் மதுரையிலும் அச்சிகிச்சை நடைபெறுகிறது. இறந்த 6 மணி நேரத்துக்குள், குடும்பத்தார் சம்மதத்துடன் கண்கள் பெறப்படுகின்றன. பொருத்திய பின்னும் பல மாதங்கள் சொட்டு மருந்தும் மருத்துவரின் கவனிப்பும் தொடர்கின்றன.

சென்ற ஆண்டு எங்கள் தாத்தா இறந்தபோது, அவர் விருப்பப்படியே கண்களைக் கொடுத்தோம். "கண்ணில்லாம மோட்சத்துல ஆண்டவரை எப்படிடி பார்ப்பாரு?" என்று அம்மாச்சி அழுதார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அக்கேள்வி மீண்டும் என்னை வாட்டியது.

விடை மாற்கு நற்செய்தியில் கிடைத்தது. யாயிரின் 12 வயது மகளை எழுப்பிய இயேசு, அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி உடனே கூறினார். எழுப்பியதோடு அவர் நின்றுவிடவில்லை. அவள் பசியையும் நினைத்தார். திரைப்பட விஞ்ஞானிகளிடம் இல்லாதது இந்த அன்பன்றோ?

இதை அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமலிருந்தவர், "உங்க தாத்தா கண்ணு இப்ப யார் வீட்டுச் சோத்தப் பார்த்துச் சாப்பிடுதோ!" என்றார். அன்று அவர் அழவில்லை.

மருத்துவராக விரும்பும் தோழியரே! உயிரைக் காக்கும் அறிவைத் தேடுவோம். காத்த உயிரைக் கைவிடாத மனத்தையும் இறைவனிடம் வேண்டுவோம்.