குப்பை மேட்டில் பத்து மாதங்கள்

நியூயோர்க் நகரைக் காணச் செல்லும் நம்மவர்கள் ஸ்ரேற்றன் தீவில் இறங்குவது அபூர்வம். மன்ஹற்றன் முனையிலிருந்து புறப்படும் செம்மஞ்சள் நிறக் கப்பலில் ஏறி, சுதந்திர தேவியின் சிலையைக் கண்டு களித்து, அதே கப்பலில் திரும்பிவிடுவர். இருபத்தைந்து நிமிடப் பயணம். 1997 ஆம் ஆண்டு முதல் கட்டணமும் இல்லை. இலவசம் என்றால் நாம் விடுவோமா? ஆயினும் நாம் அன்று இறங்கினோம். நாமாக எண்ணி இறங்கவில்லை. எம்முடன் வந்த அக்கா இறங்கச் சொன்னார். எமது பெரியதாயாரின் மகள் அவர். ரொறன்ரோவிலே வசிப்பவர். அத்தீவில் ஒரு குப்பை மேடு உண்டென்றும், அங்கே மனிதரைத் தேடினார்களென்றும் எங்கோ வாசித்து வைத்திருந்தார்.

கப்பல் துறைக்கு அண்மையில், கடற்கரையோரம், இரண்டு வெண்ணிறச் சிறகுகள் போன்றதோர் நினைவுச் சின்னம் நிற்கின்றது. 2001 ஆம் ஆண்டு செப்டெம்பர் 11 ஆம் திகதி மாண்ட இத்தீவு வாசிகள் 260 பேருக்கு மேற்பட்டோரின் முகங்கள் அங்கே பக்கவாட்டு வடிவிற் செதுக்கப்பட்டுள்ளன. கட்டடக் கலைஞரொருவர் வகுத்தது. 2004 இல் திறக்கப்பட்டது. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தமையால் அங்கேயே நெடுநேரமாயிற்று.

பின்னர் பேருந்தில் தீவின் மேற்குப் புறம் சென்றோம். இடத்தின் பெயர் பிறெஷ் கில்ஸ். ஆங்கிலம் அறிந்தோர் இப்பெயரைக் கேட்டுத் திடுக்கிடுவர். அஞ்ச வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்திக் கட்டிய அதே ஒல்லாந்தர் இட்டுச் சென்ற பெயர் இது. அவர் மொழியிலே நன்னீரோடை என்பது பொருள். உவர்ச் சேற்று நிலமாய் இருந்த இவ்விடத்தில் 1948 ஆம் ஆண்டு நகரக் குப்பையைக் கொட்டத் தொடங்கினர். மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே என்று வாக்குக் கொடுக்கப்பட்டதாம். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கொட்டினார்கள். 2,200 ஏக்கரில் நான்கு குன்றுகள் எழுந்தன. 2001 மார்ச்சு மாதத்தில் ஊரார் மகிழ, குப்பை மேடு மூடப்பட்டது.

ஆறு மாதம் கழியவில்லை. உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து வீழ்ந்ததும், அவ்விடிபாடுகளைப் பரப்பித் தேடுவதற்கு வேறிடம் இன்மையால், மூடிய கதவைத் திறந்தனர். தட்டைக் கப்பல்களில் ஏறத்தாழ 18 இலட்சம் தொன் இடிபாடு மேற்குக் குன்றுக்கு வந்து சேர்ந்தது.

தேடிய விதத்தை அக்கா எம்மைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நாம் அறிந்ததைச் சொன்னோம். முதலிற் பொலிசாரும் புலனாய்வு அதிகாரிகளும் வெண்ணிற அங்கியும் மூச்சுக் கவசமும் அணிந்து, தோட்டத்து வாரியினால் மண்ணைக் கிளறினர். பின்னர் இயந்திர அரிதட்டுக்கள் வந்தன. பெருங் கற்களும் இரும்பும் கழிக்கப்பட்டபின், எஞ்சியது ஓடும் பட்டியிலே செல்ல, இருமருங்கும் நின்றோர் கண்ணாற் பார்த்துக் கையாற் பொறுக்கினர். கடைசி அரிதட்டின் கண் கால் அங்குலம். நம் வீடுகளில் எலும்பு பொறுக்குவது ஒரு காலைப் பொழுதின் காரியம். அங்கே பத்து மாதம் நடந்தது. கடற்பறவைகள் இடிபாட்டில் இறங்காதபடி விரட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். காகத்துக்குச் சோறு வைத்து அழைக்கும் நமக்கு இது விந்தையாகவே தோன்றும்.

2002 யூலையில் வேலை முடிந்தது. மனித உடலின் எச்சங்கள் 4,257 கிடைத்தன. சாவிகள், மோதிரங்கள், அடையாள அட்டைகள், குடும்பப் புகைப்படங்கள் என உடைமைகள் ஏறத்தாழ 54,000.

எனினும் நியூயோர்க்கில் இறந்த 2,753 பேரில் ஏறத்தாழ 1,100 பேருக்கு, 2025 ஆம் ஆண்டிலும், இன்னாருடையது என்று சொல்லத்தக்க ஓர் எலும்புத் துணுக்கேனும் கிடைக்கவில்லை. அரிதட்டின் கண் வழியே கீழே வீழ்ந்த நுண்மண்ணை மேற்குக் குன்றிலேயே, 48 ஏக்கர் நிலத்தில், தூய மண்ணிட்டு மூடிவிட்டனர். அந்த மண்ணில் எம்மவர் உளர். குப்பைக்கு மேல் அவர்களை வையாதீர், வேறிடம் கொண்டு செல்லுங்கள் என்று குடும்பத்தார் சிலர் வழக்காடினர். பிரித்தறிய இயலாத மண்ணின் மீது எவருக்கும் உடைமையுரிமை இல்லை என்று 2008 இல் வழக்குத் தள்ளப்பட்டது. 2010 இல் அமெரிக்க உயர் நீதிமன்றமும் அதனை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. பத்து மாதம் பொறுமையோடு அரித்தவர்களைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் பிரித்தறிய இயலாது என்ற அதே காரணத்தினாலன்றோ அந்த மண் முழுவதையும் போற்ற வேண்டியிருந்தது என்று எமக்குத் தோன்றிற்று.

இந்நாளில் குப்பை மேடு பூங்காவாகி வருகின்றது. வடபுறத்தில் 21 ஏக்கர் 2023 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. நாம் சென்றது அங்கேதான். இடுப்பளவு புல், சதுப்பு நிலத்தைப் பார்க்க ஒரு பறவைக் கோபுரம். உள்ளே உக்கும் குப்பையின் வாயுவைக் குழாய்களால் இழுத்தெடுக்கின்றனராம். நாற்றம் சிறிதும் இல்லை. இடிபாடுகளைப் புதைத்த மேற்குக் குன்று ஓடைக்கு அப்பால், தென்மேற்கில் உள்ளது. அது பூங்காவாகத் திறக்கப்படவில்லை.

"அந்தப் பக்கமோ, தம்பி?" என்றார் அக்கா. ஆம் என்றோம்.

அக்காவின் மூத்த மகன் 2009 ஆம் ஆண்டு வைகாசியில் வன்னியிலே காணாமற் போனவன். பதிந்து வைத்த மனுக்களின் பிரதிகள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் உண்டு. கீரிமலையில் அந்தியேட்டி செய்துவிடும்படி உறவினர் பலமுறை கூறியும் அவர் இசையவில்லை.

வழக்குத் தோற்ற கதையை நாம் சொன்னபோது, அந்தக் குடும்பத்தாருக்காக அவர் இரங்குவார் என்றே எதிர்பார்த்தோம். அவர் தென்மேற்கை நோக்கியபடி, "அவையளுக்கு இன்ன மண் எண்டாவது தெரியும்" என்றார்.

பேருந்து வர இன்னும் நேரம் இருந்தது. கோபுரத்தின் நிழலில் இருக்கலாம் என்று அழைத்தோம். அவர் வரவில்லை, வெயிலிலேயே நின்றார்.