தீர விசாரித்த பின்

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு, மண்ணை அகழ்ந்து பழமை கண்ட ஊர். 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழாய்வு நடத்திக் கற்கருவிகளையும் பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்தனர். அடுக்கடுக்காக அகழ்ந்தாலன்றி அடியில் இருப்பது புலனாகாது. இந்தப் பாடத்தை அதே ஊரில் ஒரு கணிப்பொறியும் எனக்குக் கற்பித்தது.

அவ்வூரில் என் தங்கையின் கணவர் சிறியதோர் உதிரிபாகப் பட்டறை நடத்தி வருகிறார். கணக்குப் பணிக்கு எங்கள் கல்லூரியில் வணிகவியல் பயின்ற மாணவி ஒருவரை நான்தான் பரிந்துரைத்தேன். தந்தையை இழந்த அக்குடும்பத்திற்கு அவருடைய சம்பளமே ஆதாரம். ஆறு திங்கள் கழிந்தபின் தொலைபேசியில் மாப்பிள்ளையின் குரல் கசப்போடு ஒலித்தது.

"மச்சான், நீங்க அனுப்பின புள்ளைக்கு வேலை ஓடல. ஒரு பில்லு போட நாலு நிமிஷம் ஆக்குது. அதே வேலை என் மேசையில நொடியில முடியுது. அடுத்த மாசம் வேற ஆள் பாத்துக்கறேன்."

நானும் அதை நம்பினேன். 'பரிந்துரைத்தது பிழையோ?' என்று வருந்தினேனேயன்றி, அந்த மாணவியிடம் ஒரு சொல் கேட்டேனில்லை.

எனினும் மனம் ஆறாமல், கணிப்பொறித் துறை மாணவர் ஒருவரை உடனழைத்துச் சென்றேன். அவர் எந்த இயந்திரத்தையும் பிரிக்கவில்லை. முதலில் இருவரையும் இடம் மாறி அமரச் செய்தார். முதலாளியின் மேசையில் மாணவி நொடியில் பில் போட்டார். மாணவியின் மேசையில் முதலாளி நான்கு நிமிடம் காத்திருந்தார். பழி ஆளை விட்டு நீங்கிற்று.

அடுத்து, பெரிய கோப்பு ஒன்றை இரு கணிப்பொறிகளுக்கிடையே நகலெடுத்தார். அது விரைவாகவே சென்றது. பின்னர் 'பிங்' என்னும் கட்டளையை இட்டார். 1983-இல் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர், நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் எதிரொலிக் கருவியின் ஓசையை நினைந்து சூட்டிய பெயராம் அது. ஒரு செய்தி சென்று மீளும் நேரத்தை அது காட்டும். விடை: ஏறத்தாழ 20 மில்லி விநாடி. 'வயர்ஷார்க்' என்னும் மென்பொருளால் எண்ணியபோது, ஒரு பில்லுக்குக் கணக்கு மென்பொருள் 12,000 முறை கேள்வி கேட்டு விடை பெறுவது தெரிந்தது.

"ஐயா, பெருக்கிப் பாருங்கள்" என்றார். 240 விநாடி, சரியாக நான்கு நிமிடம்!

தகவல் முழுவதும் முதலாளியின் கணிப்பொறியில் இருந்தது. ஆதலால் அங்கே வேலை நொடியில் முடிந்தது. மாணவியின் மேசையோ புதிய தகரக் கொட்டகைக்கு மாற்றப்பட்டு, கம்பியில்லா இணைப்பில் இருந்தது. சூளையிலிருந்து செங்கல்லை ஒவ்வொன்றாகச் சுமப்பவனுக்குச் சாலையை அகலப்படுத்தி என்ன பயன்? நடையின் எண்ணிக்கை குறைய வேண்டும். அன்றேல் தொலைவு குறைய வேண்டும். கோப்பு விரைந்து சென்றும் பில் தாமதித்த மர்மம் இதுவே.

கொட்டகை 60 மீட்டர் தொலைவில் இருந்தது. இத்தகைய கேபிளுக்கு 100 மீட்டர் வரை இசைவு உண்டு. மின்கம்பிகளுக்கு விலகி ஒரு கேபிள் இழுத்தவுடன் செய்தி மீளும் நேரம் அரை மில்லி விநாடியாயிற்று. பில் ஆறு விநாடியில் வந்தது. தகவலை ஒரே தொகுப்பாக எடுக்குமாறு மென்பொருளைத் திருத்தித் தரவும் எழுதிக் கேட்டனர்.

மாப்பிள்ளை மாணவியிடம், "தப்பு என் பேர்லதாம்மா. நீ தொடர்ந்து வா" என்றார். மாணவி கண்ணீரை மறைத்துக்கொண்டு, "ஆறு மாசமா ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்துதான் சார் முடிச்சேன்" என்றார் என்னிடம். எனக்கு மறுமொழி எழவில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று வகுப்பறையில் எத்தனை ஆண்டுகள் முழங்கியிருப்பேன்! விசாரிக்க வேண்டிய நாளில் நான் வாளாவிருந்தேன்.

அன்பு மாணவச் செல்வங்களே! ஒருவர் பின்தங்குவதைக் கண்டால், 'இவர் மெதுவானவர்' என்று உரைக்குமுன் அவர் எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இனி விடைத்தாள் திருத்தும்போதும் வருகைப் பதிவேட்டில் கோடிடும்போதும், நானும் முதலில் கேட்டுவிட்டே எழுதுவேன்.