படாக் மரத்துக்கு ஒரு வக்காலத்து

“இது தோட்டமா, காடா? ஒரு பூகூட இல்லையே!” மே விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த சித்தி மகன் அந்தமானின் தனிகாரியில் கேட்ட கேள்வி இன்னும் உறுத்துகிறது. ஊரிலிருந்து வருகிற எல்லோருக்கும் செல்லுலார் சிறையும் ஹேவ்லாக் கடற்கரையும் போதும். இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனம் நயாஷஹரில் வளர்க்கும் இந்த மரத்தோட்டத்துக்கு நான்தான் வலிய அழைத்துப்போனேன்.

இங்கே பூப்பாத்தியோ புல்தரையோ கிடையாது. பிரம்பு, பனைவகை, பெரணி, ஆர்க்கிட் என்று இந்தத் தீவுகளுக்கே உரியவை அதனதன் போக்கில் வளர்கின்றன. அந்தமான் காட்டு ஜாதிக்காயும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கு, படாக். தீவுகளின் அடையாள மரம். ஆள் மறைந்து நிற்கும் உயரத்துக்குப் பலகை வேர்கள். காலடியில் கிடந்த காயை எடுத்து அவன் கையில் வைத்தேன்: நடுவில் விதை, சுற்றிலும் அப்பளம்போல் மெல்லிய சிறகு. நம் வேங்கையும் செம்மரமும் இதே பேரினம்தான். மழைக்காலத்தில் வந்தால் வேங்கையைப் போலவே மஞ்சளாகப் பூத்து உதிர்வதைப் பார்க்கலாம். சங்கப் புலவர்கள் புலியாகக் கண்ட வேங்கைப் பூவின் உறவுக்கார மரத்தடியில் நின்றுகொண்டு பூ இல்லை என்கிறான்!

கலை எங்கே என்றும் கேட்டான். சாத்தம் தீவுக்குக் கூட்டிப்போனேன். 1883இல் ஆங்கிலேயர் தொடங்கிய மர அறுவை ஆலை இருக்கும் இடம். அங்குள்ள வன அருங்காட்சியகத்தில் படாக் சிற்பங்களை நிதானமாகப் பார்க்கவேண்டும். இந்த மரத்தின் ரேகை ஒரு பட்டையில் ஒரு பக்கம் சாயும், அடுத்த பட்டையில் எதிர்ப்பக்கம் திரும்பும். அசந்தால் உளி சிலாம்பைப் பெயர்த்துவிடும். செதுக்குகிறவர் ரேகை போகிற போக்குக்கு இணங்கித்தான் வேலை செய்தாக வேண்டும். புதிதாகச் சீவிய பலகை இரத்தச் சிவப்பு. வெளிச்சம் பட்டுப்பட்டுப் பழுப்பேறும். நூறாண்டுக்கு மேலாக வெட்டித் தள்ளிய மரம் இது. 2002இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கடிவாளம் போட்ட பிறகே காடு கொஞ்சம் மூச்சுவிட்டது.

இங்கே கலை மரத்துக்கு இணங்குகிறது; நம் ஊரிலோ, ஊட்டி மலர்க் கண்காட்சியில் கார்னேஷனைக் குத்திக் குத்தி யானையும் ரயிலும் செய்கிறோம். நாலு நாளில் வாடிப்போகும். பூவைப் பூவாகப் பார்க்க நமக்கு ஏன் பொறுமையில்லை?

ஆனால், “உங்க தமிழ்நாட்டில் தோட்டம் என்றால் செல்ஃபி வளைவுதானே” என்று இங்கே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. 1848இல் லண்டன் க்யூ தோட்டத்திலிருந்து தோட்டக்கலைஞர் மெக்ஐவர் வந்து உருவாக்கிய ஊட்டித் தோட்டத்தில் நிற்கும் பெருமரங்களை அவர் பார்த்ததுண்டா? தோட்டத்தின் மேட்டிலேயே தோடர் குடியிருப்பான மந்து இருக்கிறது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடப் பெண்கள் இழை எண்ணிப் போடும் பூவேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. வரைந்து வைத்துக்கொள்ளாமல் நேரே ஊசியில் பிறக்கும் கலை அது. சாத்தத்தின் எந்தச் சிற்பத்துக்கும் அது இளைத்ததில்லை. கண்காட்சிக் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த மேடு வரை ஏறுகிறார்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

சித்தி மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்: அடுத்த முறை ஜூன், ஜூலையில் வா, கடல் கொந்தளித்தாலும் பரவாயில்லை. அதற்கு முன், சேர்வராயன் மலையிலோ கொல்லிமலையிலோ ஒரு வேங்கையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் காயோடு வா. படாக் காயையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.