கரிசலுக்குள் ஒரு சங்கு

என் அத்தை நாற்பது வருஷமாக வெடியாபீஸுக்குப் போகிறாள். பட்டாசுத் தொழிற்சாலை என்பதெல்லாம் எழுத்தில்தான். சிவகாசிப் பக்கத்துப் பேச்சில் அது வெடியாபீஸ், தீப்பெட்டியாபீஸ். அத்தைக்குச் சக்கரம் சுற்றும் வேலை. மருந்து செலுத்திய மெல்லிய காகிதக் குழாயைச் சுருளாகச் சுற்றி ஒட்ட வேண்டும். தீபாவளிக்கு வாசலில் பிள்ளைகள் விடுகிற சங்குச் சக்கரம் அதுதான்.

வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து விஜயகரிசல்குளத்தில் தோண்டி எடுத்த பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். தங்கத்தைப் பார்த்து அவள் அசரவில்லை. சுடுமண் பொம்மைகளைக் கடந்து போனாள். உடைந்த சங்கு வளையல்கள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான் நின்றாள்.

“ஏய்யா, இது கடச்சங்குதான?”

“ஆமா அத்தை.”

“கடலே இல்லாத ஊருக்கு இம்புட்டுச் சங்கையும் எதுக்குச் சொமந்துட்டு வந்தாக?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு கேள்விதான் என்னை வைப்பாற்றின் வழியே கடல் வரைக்கும் இழுத்துப் போனது.

கேள்வி சாதாரணமானதில்லை. வெம்பக்கோட்டையிலிருந்து நேர்கோடு போட்டு அளந்தாலே கடல் அறுபது கிலோமீட்டருக்கு மேல். நடுவே முழுக்கக் கரிசல்: பருத்தி, கம்பு, உளுந்து, அப்புறம் சீமைக்கருவேலம். மழை குறைவு, வெயில் அதிகம். அந்த வறட்சியை நம்பித்தான் இங்கே தீக்குச்சியும் வெடியும் காய்கின்றன. எங்கள் ஊரில் கடல் என்றால் கருவாட்டுக்காரியின் கூடையில் வருகிற வாசனை. வேறு சம்பந்தம் கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில், வைப்பாற்றின் வடகரையில், சுமார் 25 ஏக்கர் பரப்பில், பொருள்கள் கிடைத்த அந்த மேடு இருக்கிறது. 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. இதுவரை கிடைத்தவை: நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், யானைத் தந்தத்தில் செய்த அணிகள், திமில் காளை செதுக்கிய சூதுபவளம், இவற்றோடு சங்கு வளையல்கள். வளையல் மட்டும் கிடைத்திருந்தால் யாரோ வியாபாரி விற்றுவிட்டுப் போனான் என்று முடித்துவிடலாம். முழுச் சங்கும் கிடைத்தது, அறுத்த சங்கும் கிடைத்தது, வேலை முடியாத துண்டுகளும் கிடைத்தன. ஆகவே வளையல் வெளியிலிருந்து வந்ததல்ல. வந்தது சங்கு. வளையல் ஆனது இங்கேதான்.

ஒரு துண்டை நெருங்கிப் பார்த்தேன். பிறை மாதிரி ஒரு வளைவு. வெளிப்பக்கம் வழவழப்பு, மெல்லிய கோடுகளாக வேலைப்பாடு. அறுபட்ட ஓரத்தில் அரம் ஓடிய தடம். சங்கறுப்பது சுளுவான வேலை இல்லை. முதலில் நுனியைத் தட்டி உடைக்க வேண்டும். உள்ளே முறுக்கிக்கொண்டு நிற்கும் நடுத்தண்டை உருவ வேண்டும். அதன்பிறகு உடலைக் குறுக்காக வளையம் வளையமாக அறுக்க வேண்டும். ஒரு சங்கில் சில வளையங்கள்தான் தேறும். உள்ளே தேய்த்து, வெளியே இழைத்து, கோடு கீறி முடிப்பதற்குள் பாதிக்குப் பாதி கழிவாகப் போய்விடும். அந்தக் கழிவையும் ஒரு புலவர் பார்த்திருக்கிறார். வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் வளையல் அறுத்தது போக மிஞ்சிய சங்கின் நுனியை, விரியாத பகன்றை மொட்டுக்கு உவமை ஆக்குகிறது அகநானூற்றின் 24ஆம் பாடல். பாடியவர் ஆவூர் மூலங்கிழார். தொழில் செய்கிற இடத்தில், குப்பைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அந்த உவமை வரும். மதுரைக் கடைத்தெருவில் சங்கறுப்போர் இருந்ததை மதுரைக்காஞ்சியும் சொல்கிறது.

சங்கு எங்கே விளையும் என்பதில் சந்தேகம் இல்லை. வளையலுக்கு ஆகிற கனத்த வெண்சங்கு மன்னார் வளைகுடாவின் மணல்தரையில் புழு தின்று வாழ்வது. சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்கைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். தாமிரபரணிக் கரையில், பாண்டியரின் பழைய துறையான கொற்கையில், அறுபட்ட சங்குத் துண்டுகள் மண்ணில் கிடந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். கொற்கைக்குத் தாமிரபரணி என்றால் வெம்பக்கோட்டைக்கு எது? மேட்டின் காலடியில் கிடந்த ஆற்றைப் பார்த்தேன். ஆற்றோடு போவது என்று முடிவு செய்தேன்.

சாத்தூரில் பிறந்தவனுக்கு வைப்பாறு என்பது தண்ணீர் ஓடுகிற இடம் அல்ல, வெள்ளரிக்காய் விளைகிற மணல். ரயில் பாலத்துக்குக் கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற மைதானம். ‘ஆத்துக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டு நனையாமல் திரும்பி வருவோம். சாத்தூரைத் தாண்டி இருக்கன்குடியில், சிவகாசிப் பக்கமிருந்து வரும் அர்ச்சுனா நதி இதில் சேர்கிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே மாரியம்மன் உட்கார்ந்திருக்கிறாள். ஆடிக் கடைசி வெள்ளிக்குப் பாத யாத்திரையாக வரும் கூட்டம் தரை தெரியாமல் நிறைந்துவிடும். இங்கே ஓர் அணையும் இருக்கிறது. அதற்குக் கீழே ஆறு தூத்துக்குடி மாவட்டத்துக்குள் நுழைந்து விளாத்திகுளத்தைத் தொடுகிறது. சங்கீதத்தில் ஊறிய நல்லப்ப சுவாமிகளின் ஊர். விளாத்திகுளம் தாண்டியதும் காற்று மாறியது. உதட்டை நக்கிப் பார்த்தேன், உப்பு. பருத்திக் காடு முடிந்து பனை தொடங்கியது. பனை தேய்ந்து உப்பளம் வந்தது.

கடலுக்குப் பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயரும் வைப்பார்தான். டீக்கடையில், “ஆத்துப் பேரையே ஊருக்கு வச்சிட்டீங்களா?” என்று கேட்டேன். கடைக்காரர் கிளாஸை ஆற்றிக்கொண்டே, “எங்க ஊருப் பேரத்தான் நீங்க ஆத்துக்கு வச்சிருக்கீக” என்றார். யார் பெயர் யாருக்குப் போனது என்ற வழக்கில் நான் இறங்கவில்லை. ஆனால் அதுவரை ஆற்றை மலையிலிருந்து கடலுக்குப் போவதாகவே நினைத்து வந்தவன், அந்த டீயைக் குடிக்கும்போதுதான் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கரையில் நிற்பவனுக்கு ஆறு உள்நாட்டுக்குப் போகிற வழி. தண்ணீர் இல்லாவிட்டாலும் வழி வழிதான். சமதளம், இரண்டு பக்கமும் ஊர், ஊற்றுத் தோண்டினால் குடிநீர். சுமை ஏற்றிய மாட்டுக்கும் ஆளுக்கும் வேறென்ன வேண்டும்? வெம்பக்கோட்டைச் சங்கு இந்த வழியாகத்தான் ஏறி வந்திருக்கும் என்பது என் ஊகம்.

சிப்பிகுளமும் கீழவைப்பாரும் ஒட்டிக் கிடக்கிற இரண்டு மீனவ ஊர்கள். ஆறு கடலில் சேரும் இடம் இவற்றுக்குப் பக்கத்தில். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இளவயதில் சங்கு குளித்தவர். ‘குளிப்பது’ என்றுதான் சொல்கிறார்கள். முத்தும் அப்படித்தான், சங்கும் அப்படித்தான். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

“சங்கு மணலுக்குள்ள பொதஞ்சு கெடக்கும் தம்பி. கண்ணுக்குத் தெரியாது. அது நடந்து போன தடம் மட்டும் கோடாத் தெரியும். கோட்டப் புடிச்சே போனா முடியிற எடத்துல சங்கு இருக்கும்.”

“எம்புட்டு ஆழம் ஐயா?”

“ஏழு பாகம், எட்டு பாகம். மூச்சுத்தான் கணக்கு.”

முன்பு சங்கு அரசாங்கத்தின் தனியுரிமை. எடுத்ததை மீன்துறையிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அளவுக்குக் குறைந்த குட்டிச் சங்கைத் திரும்பக் கடலிலேயே போட வேண்டியிருந்தது. முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961ஓடு நின்றுபோனது. சங்கு நிற்கவில்லை. அது எங்கே போகிறது என்று கேட்டேன். “கல்கத்தாவுக்கு” என்றார். வங்காளத்தில் கல்யாணமான பெண்ணுக்குச் சங்கு வளையல்தான் தாலி மாதிரி. டாக்காவில் சங்கறுப்பவர்களுக்கென்றே ஒரு தெரு, ஷாங்காரி பஜார். மன்னார் வளைகுடாச் சங்கு பல நூற்றாண்டுகளாக அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. இங்கே குளிக்கிறார்கள், அங்கே அறுக்கிறார்கள். வெம்பக்கோட்டையில் அறுத்த காலத்தில் மட்டும் பயணம் கொஞ்சம் குறைவு.

வடகிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வேம்பார். பரதவர்களின் ஏழு கடற்துறைகளில் வேம்பாரும் வைப்பாரும் வடக்கே இருக்கிற இரண்டு. 1530களில் போர்ச்சுக்கீசியர் வந்து இந்தக் கரை ஞானஸ்நானம் பெற்றது. 1542இல் சவேரியார் வந்தார். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கொடி மாறியதே தவிர எல்லோரும் கேட்டது முத்தும் சங்கும்தான். கடலுக்குள் தெரிகிற தீவுகளுக்கு நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று பெயர். தாகத்தோடு போய் இறங்கியவர்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். 1986இல் இந்தத் தீவுகள் கடல் தேசியப் பூங்கா ஆயின. ஊருக்குள் தேவாலயக் கோபுரம், வெளியே பனை. வேம்பார்க் கருப்பட்டியை எங்கள் ஊர்க் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். இரண்டு சிப்பம் வாங்கி வண்டியில் வைத்தபோதுதான் உறைத்தது. கடலோடு எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று நான் எப்படி நினைத்தேன்?

விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் காலூன்றியது வண்டிப் பாதையை நம்பித்தான். தெற்கேயிருந்து மாட்டு வண்டியில் வந்த சரக்கு என்ன? உப்பு, கருவாடு, கருப்பட்டி. மூன்றும் கடற்கரைச் சரக்கு. வழிப்பறிக்குப் பயந்து வண்டிகள் கூட்டமாக வந்தன. இரவு தங்க மதில் கட்டிய பேட்டைகள் வந்தன. பேட்டைக்குக் காவலும் கிணறும் வேண்டுமென்று சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்தார்கள். அந்த மகமைதான் பின்னால் பள்ளிக்கூடம் ஆனது. விருதுநகரில் 1885இல் எழுந்த சத்திரிய வித்யாசாலைக்கு அடியில் உப்பு மூட்டையும் இருக்கிறது, கருவாட்டு மூட்டையும் இருக்கிறது. பிற்காலத்தில் காமராஜர் படித்த பள்ளி அது.

1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் போட்டார்கள். கடலுக்குப் போகிற வழிகள் எல்லாம் ஒரே வழியாகிவிட்டன. கப்பல் நிற்கிற இடமும் ரயில் போகிற இடமும் தூத்துக்குடி என்று ஆனபிறகு, ஆற்றுக்கொரு துறை எதற்கு? வைப்பாரும் வேம்பாரும் துறை என்ற பெயரோடு மீனவ ஊர்களாக நின்றன. எங்கள் பக்கம் ஆற்றை மறந்தோம். நாங்கள் கடலை மறந்தது அந்த ரயிலில் ஏறியபோதுதான்.

அத்தையின் கேள்விக்கு இது பாதிப் பதில். எப்படி வந்தது என்று சொல்லிவிடலாம். எதற்கு இவ்வளவு தூரம் வந்தது? கடற்கரையிலேயே அறுத்திருக்கலாமே? திரும்பி வரும்போது சாத்தூர்ச் சாலையில் காகித உருளை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே வந்தேன். சிவகாசியில் என்ன விளைகிறது? காகிதம் வெளியூர். அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் கந்தகமும் வெளியூர். தீக்குச்சி மரம் கேரளாவிலிருந்து வந்தது. தொழிலே கூட, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்ததுதான். செய்த சரக்கும் வெளியூருக்கே போகிறது. இங்கே இருப்பது வெயிலும் கையும். மழை பொய்த்தால் காட்டில் வேலை இல்லாத கை. மேட்டில் கிடைத்த பொருள்களை மறுபடி மனசுக்குள் அடுக்கினேன். சங்கு கடலிலிருந்து. யானைத் தந்தம் மலைப் பக்கமிருந்து. சூதுபவளம் இந்த மண்ணில் விளைவதில்லை. அன்றைக்கும் சரக்கு வெளியூர், கை உள்ளூர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கைகளுக்கும் இன்றைய வெடியாபீஸுக்கும் நேர்க்கோடு இழுக்க நான் துணிய மாட்டேன். ஆனால் சரக்கு எந்த ஊரில் கிடைக்கிறதோ அந்த ஊருக்குத் தொழில் போவதில்லை, கை சும்மா இருக்கிற ஊரைத் தேடித்தான் வருகிறது. இது என் மண்ணுக்குப் புதிதில்லை என்று மட்டும் தோன்றுகிறது.

சிப்பிகுளத்துப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் கிடந்த உடைந்த சங்கு நுனி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். புலவர் பகன்றை மொட்டு என்று சொன்னாரே, அதே பாகம். அத்தை வேலை விட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை முறை தேய்த்தாலும் அலுமினியப் பவுடர் ரேகைக்குள் வெள்ளியாக மின்னிக்கொண்டுதான் இருக்கும். ஈரக்கையோடு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முறுக்கின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து உச்சி வரைக்கும் ஓட்டினாள்.

“நான் சுத்துற மாதிரியேதான் சுத்தியிருக்கு” என்றாள்.

ஆறு, வண்டிப் பாதை, கல்கத்தா, வெயில், கை என்று நான் கொண்டுவந்த எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் சங்கை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, நான் எந்தப் புத்தகத்திலும் தேடாத ஒன்றைக் கேட்டாள்.

“அறுத்தவளுக்கு என்ன கூலி குடுத்தாகளாம்? நாள் கூலியா, இல்ல எண்ணிக்கைக் கணக்கா?”