ஒகேனக்கல்லில் ஒரு பரிசல் பயணம்

தண்ணீர் என்றால் எனக்குப் பயம். குளிக்கும் வாளித் தண்ணீரைச் சொல்லவில்லை. கிணறு, ஏரி, ஆறு இவற்றைச் சொல்கிறேன். ஆறு வயதில் பாட்டி வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்தேன். மாமா குதித்துத் தூக்கினார். அதன்பின் எங்கள் குருபரப்பள்ளியில் ஏரிக்கரைப் பக்கம்கூட நான் போனதில்லை. வகுப்பில் எல்லாரும் கிருஷ்ணகிரி அணைக்குச் சுற்றுலா சென்றபோது, காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். (சகோதரி மன்னிப்பார்களாக!)

கடந்த மே மாதம் அப்பா எங்களை ஒகேனக்கல்லுக்கு அழைத்துச் சென்றார். சிப்காட்டில் வேலை பார்க்கும் அவருக்கு விடுப்புக் கிடைப்பதே அரிது. ஆகவே மறுக்க மனம் வரவில்லை. தருமபுரி, பென்னாகரம் கடந்து மலைச்சாலையில் இறங்கியதும், மீன் வறுக்கும் மணம்தான் எங்களை வரவேற்றது. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. அருவி விழும் இடத்தில் நீர்த்திவலை உண்மையிலேயே புகைபோல் எழுகிறது.

மழைக்காலத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளைத் திறந்து, பிலிகுண்டுலுவில் நீர்வரத்து உயர்ந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்களாம். இன்றும் நிறுத்தியிருக்கக் கூடாதா என்று எண்ணினேன்.

பரிசல் என்பது ஒரு பெரிய மூங்கில் கூடைதான். முற்காலத்தில் தோல் போர்த்துவார்களாம். இதில் பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசியிருந்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

“அடி தட்டையா இருக்கு பாப்பா, பாறையில முட்டி நிக்காது. நீ எழுந்து மட்டும் நிக்காதே” என்றார் பரிசல்காரத் தாத்தா.

எல்லாரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தோம். அப்பாவும் தம்பியும் ஏறிவிட்டார்கள். நானும் அம்மாவும் கரையிலேயே இருக்கிறோம் என்று சொல்லத் திரும்பினேன். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. என் கையை வலிக்கும்படி பிடித்திருந்தார்கள். கிணற்றில் விழுந்தவள் நான்; மேலே நின்று பார்த்தவர் அம்மா. இந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருநாளாவது ‘பயப்படாதே’ என்று அம்மா என்னிடம் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“வாம்மா” என்று நானே இழுத்துக்கொண்டு ஏறினேன்.

பரிசல் ஆடியது. கண்களை இறுக மூடிக்கொண்டேன். பயத்தை மறக்கப் புவியியல் பாடத்தை ஒப்பித்தேன்: காவிரி குடகு மலையில் தோன்றி, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்கு... அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கண் திறந்தபோது இருபுறமும் உயர்ந்த பாறைச் சுவர்கள், நடுவே பச்சை நீர், முகத்தில் சாரல்!

“சுத்துங்க தாத்தா!” என்று தம்பி கத்தினான். அவர் துடுப்பை ஒருபுறமே வலித்துப் பரிசலைப் பம்பரமாகச் சுழற்றினார். பாறையும் வானமும் சுழன்றன. நான் அலறினேன். அலறல் எப்போது சிரிப்பானது என்று தெரியாது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பரிசல் நின்றபின் என் கையை மெல்ல விட்டார்கள். விட்ட கையைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தார்கள்.

விடுமுறை முடியுமுன் பாட்டி ஊருக்குப் போனோம். அந்தக் கிணற்றில் பதினெட்டுப் படிகள். ஆறு படிகள் இறங்கினேன். கால் நடுங்கியது, ஏறிவிட்டேன். அரையாண்டு விடுமுறையில் நீச்சல் கற்றுத்தருவதாக மாமா சொல்லியிருக்கிறார். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.

– பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு