விழக் கற்றல்

இளமையில் கற்பதற்கும் வளர்ந்தபின் கற்பதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. சிறுவன் கீழே விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து ஓடுகிறான். வளர்ந்தவனோ, எழுவதற்கு முன்பே எவரேனும் பார்த்தனரோ என்று சுற்றிலும் நோக்குகிறான். முழங்காலின் வலியைவிடப் பிறர் நகைப்பே அவனை மிகுதியாக வருத்துகிறது. இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டும் விளையாட்டுகளுள் ஒன்று பனிச்சறுக்கு.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஊர் வானகரம். அங்கு வாழ்வோர்க்குப் பனிக்கட்டி என்பது மீன்சந்தையில் பெட்டிகளுக்குள் மீனோடு நிரப்பப்படும் பொருள். பனி என்பதோ மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கி, வெயில் ஏறியதும் மறைவது. சமநிலமாகிய அவ்வூரில், மிதிவண்டியை மிதிக்காமலே இறங்கக்கூடிய பாலத்தின் இறக்கமே பெருஞ்சரிவு. அவ்வூரில் நாற்பது ஆண்டு வாழ்ந்த ஒருவர், காசுமீரத்திலுள்ள குல்மார்க்கிற்குச் சென்று பனிச்சறுக்குப் பயில முற்படுகிறார் என்று கொள்க.

குல்மார்க், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த மலைவெளி. அங்கு 1927ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் பனிச்சறுக்குக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஆரிப் கான், அப்பகுதியைச் சேர்ந்தவர். நான்கு வயதிலேயே சறுக்கப் பழகியவர். அத்தகைய சிறுவர்கள் பறவைகளைப் போல விரைந்து செல்லும் சரிவின் அடியில், நம் வானகரத்தார் நிற்கிறார். காலணிகள் கல்லைப் போல் கனக்கின்றன. அவற்றோடு இரு நீண்ட பலகைகள் பூட்டப்பட்டுள்ளன. சமமாகத் தோன்றும் நிலத்திலும் அவர் நில்லாமல் வழுக்குகிறார். நாற்பது ஆண்டு நடந்த கால்கள் நடையை மறந்தனவோ என்று திகைக்கிறார்.

ஆசிரியர் அவருக்கு முதலில் கற்பிக்கும் பாடங்களுள் ஒன்று, விழும் முறை. நேர் முன்னே விழலாகாது; உடலைத் தளர்த்திப் பக்கவாட்டில் சாய்தல் வேண்டும். எழும்போது பலகைகள் இரண்டும் உடலுக்குக் கீழ்ப்புறமாகவும் சரிவுக்குக் குறுக்காகவும் இருத்தல் வேண்டும். சரிவை நோக்கி இருந்தால், எழுந்த அக்கணமே அவை அவரை இழுத்துச் சென்றுவிடும். அடுத்த பாடம் நிற்கும் முறை. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி, உள்விளிம்புகளால் பனியை அழுத்தினால் வேகம் குறையும்.

இவற்றைக் கேட்டறிவது எளிது. சரிவின் விளிம்பில் நிற்கும்போதோ அச்சம் அறிவை வென்றுவிடுகிறது. பள்ளத்தைக் கண்டவுடன் உடல் தானே பின்னோக்கிச் சாய்கிறது. அவ்வாறு சாய்ந்தால் பலகையின் முன்பகுதி சுமையை இழக்கிறது. பனியைப் பற்றும் ஆற்றல் குறைகிறது. திருப்ப முயன்றாலும் திரும்புவதில்லை. காப்பாற்றிக்கொள்ளப் பின்வாங்கியவர் கட்டுப்பாட்டை இழந்து விழுகிறார். எந்தச் சரிவைக் கண்டு அஞ்சுகிறாரோ, அந்தச் சரிவை நோக்கியே சற்று முன்சாய்தல் வேண்டும். அப்போதுதான் பலகைகள் அவர் சொற்படி கேட்கும். வளர்ந்தவருக்கு இதுவே அரிய பாடம்.

வயது கடந்தபின் இப்பாடத்தைக் கற்றோர் பலர். ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், நோயுற்ற மனைவியுடன் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் தங்கியிருந்தார். அங்கே பனிச்சறுக்குப் பழகினார். அவருக்குத் துணைவராக அமைந்தவர் பிராங்கர் உடன்பிறந்தார் இருவர். பகலில் பயின்றால் ஊரார் எள்ளி நகைப்பர் என்று கருதி, இருட்டியபின் பயின்றவர்கள் அவர்கள் என்பர். 1894ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தம் 34ஆம் வயதில், டாயில் அவ்விருவருடன் பனி மூடிய கணவாயைக் கடந்து அரோசாவை அடைந்தார். வழியில் பலகைகள் கைநழுவிப் போக, செங்குத்தான சரிவில் அமர்ந்தபடியே வழுக்கி இறங்க நேர்ந்தது. அதனை அவர் மறைக்கவில்லை. தம் காற்சட்டை பட்ட பாட்டையும் சேர்த்து, நகைச்சுவை ததும்ப எழுதி வெளியிட்டார். அரோசா விடுதியின் பதிவுத்தாளில் பிராங்கருள் ஒருவர், டாயிலை விளையாட்டு வீரர் என்று குறித்தார்.

ஆஸ்திரியாவில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்தார்ஸ்கியும் முப்பது வயதைக் கடந்த பின்னரே பலகையில் ஏறினார். 1888இல் கிரீன்லாந்தைப் பனிச்சறுக்குப் பலகைகளால் கடந்த நான்செனின் வரலாறு அவரைத் தூண்டிற்று. நார்வே நாட்டு நீண்ட பலகைகள் ஆல்ப்ஸ் மலையின் செங்குத்துச் சரிவுகளுக்கு ஏற்றவையாக இல்லை. ஆகவே அவர் பலகையைக் குறுக்கினார். காலைப் பிணைக்கும் கருவியைத் திருத்தினார். திரும்பும் முறைகளை வகுத்தார். இவரிடம் கற்றவர் எண்ணற்றோர். தாமே விழுந்து எழுந்து கற்றவராதலின், கற்போர் எங்கு விழுவர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வானகரத்தாரும் பலமுறை விழுகிறார். முதலில் பிறர் நோக்குவதை எண்ணி நாணுகிறார். பிறகு ஏன் விழுந்தோம் என்று எண்ணத் தொடங்குகிறார். அந்த மாற்றமே கல்வியின் தொடக்கம். சில நாள் கழித்து, சிறுவரும் எளிதில் இறங்கும் ஒரு சிறு சரிவில், அவர் விழாமல் இறங்கித் தாம் எண்ணிய இடத்தில் நிற்கிறார். ஒலிம்பிக் வீரரின் வெற்றிக்கு முன் அது சிறிதே. ஆயினும் அச்சத்தையும் நாணத்தையும் ஒருங்கே வென்றவருக்கு அது சிறிதன்று.

கற்கும் பருவம் வயதால் முடிவதில்லை. விழ நாணும்போதே முடிகிறது. விழுந்த இடத்தை ஆராய்ந்து எழுபவர், எவ்வயதிலும் மாணவரே ஆவர்.