இட்டேரிக்கு ஏற்ற வண்டி

கோயமுத்தூரிலிருந்து திருச்சி ரோட்டில் கிளம்பி சூலூர், பல்லடம் தாண்டினால், அங்கங்கே ஒரு மண்வழி ரோட்டை விட்டுப் பிரிந்து உள்ளே போவது தெரியும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். அதுதான் இட்டேரி. (கொங்கு நாட்டுக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்!) தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே போகிற பழைய வண்டிப்பாதை. பல இட்டேரிகள் மொபைல் மேப்பில் இருக்கவே இருக்காது.

சிங்காநல்லூர்க்காரன் ஒருவன், பம்ப் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இந்த இட்டேரிகளுக்குள்தான் இருப்பான். வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200.

ரோட்டிலும் காட்டிலும் ஓடுகிற மாதிரி ஒரு லேசான வண்டி என்பது உலகத்துக்குப் புதுசு இல்லை. யமஹா டிடி-1 வந்தது 1968இல். நம் ஊரில் அப்படி ஒன்று கம்பெனியிலிருந்தே வர ரொம்பக் காலம் ஆனது. அதுவரை பையன்கள் ஆர்எக்ஸ் 100ஐத்தான் மண்ணில் போட்டு உருட்டினார்கள். 2011இல் ஹீரோ இம்பல்ஸ் என்று 150 சிசியில் ஒன்று வந்தது. வாங்க ஆள் இல்லாமல் சில வருடங்களில் நின்றும் போனது. அப்புறம் 2019 மே மாதம் எக்ஸ்பல்ஸ் வந்தது. முன்னால் 21 இன்ச், பின்னால் 18 இன்ச் ஸ்போக்ஸ் சக்கரம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம், சுமார் 18 குதிரைசக்தி, விலை (ஷோரூம் விலைதான்) ஒரு லட்சத்தை ஒட்டி. 2025 ஜனவரியில் 210 சிசி வண்டியும் வந்துவிட்டது.

எக்ஸ்பல்ஸ் வாங்கினவனுக்கு அடுத்து வருகிற ஆசை ராலி கிட். கம்பெனியே விற்றது. முன் சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர் இயங்குவது 250 ஆகிவிடும், பின்னால் 170 என்பது 220 ஆகும். விலை 38,000 ரூபாய். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! இவன் வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"ஏன்டா கண்ணு, அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு புடிச்சுக் கட்டலாமே?" என்றார் அப்பா.

கணக்கு என்னவோ அப்பா பக்கம்தான். ஆனால் இவன் கிட்டை விட்டதற்குக் காரணம் மாடு இல்லை, கால். கிட் போடாமலே சீட் உயரம் 823 மில்லிமீட்டர். இவன் உயரம் ஐந்தடி ஐந்து. இன்னும் தூக்கினால் இட்டேரிக் குழியில் வண்டி சாய்கிறபோது ஊன்றக் கால் எட்டாது. மண்ணில் போகிறவன் கீழே விழுவது வேகத்தில் இல்லை, நின்றுகொண்டே விழுவான்.

ஆக அவன் செய்தது சின்னச் சின்ன வேலைகள். கட்டம் கட்டமாக இருக்கும் டயர். பின் ஸ்ப்ராக்கெட் இரண்டு பல் பெரிசு. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தினான், நின்றுகொண்டு ஓட்டினால் முதுகு வளையாமல் இருக்க. இன்ஜினுக்கு அடியில் ஒரு தகடு. கைக்குக் கார்டு, இதை ஸ்டைல் என்று நினைப்பவர்கள் ஒருமுறை கிளுவை முள்ளில் விரலைத் தேய்த்துப் பார்க்கலாம். சைலன்சரைத் தொடவில்லை. அங்கேதான் நிறையப் பேர் முதல் செலவைச் செய்கிறார்கள், சத்தத்தைத் தவிர அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. சட்டமும் இருக்கிறது. பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஸ்ப்ராக்கெட் மாற்றியதால் முதல் இரண்டு கியரிலும் இழுவை கூடியது, ரோட்டில் வேகம் குறைந்தது. எண்பதுக்கு மேல் இன்ஜின் கத்தும். இதில் ஆடி மாதம் வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலையையே சுற்றவைக்கிறது, நூற்றைம்பது சொச்சம் கிலோ வண்டியை விடுமா? நேராகப் போக வண்டியைச் சாய்த்தே பிடிக்க வேண்டும். லாரி கடந்து போகும்போது காற்று ஒரு நொடி நின்று திரும்ப அடிக்கும் பாருங்கள், அப்போது தெரியும் லேசான வண்டியின் மறுபக்கம்.

ஆனால் ரோட்டை விட்டு இறங்கியதும் எல்லாம் மாறிவிடும். டயரில் காற்றை இருபது வரை இறக்குவான். அதற்கும் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் கடிபட்டுவிடும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றால் முட்டியும் இடுப்பும் இன்னொரு சஸ்பென்ஷன். செம்மண் வழியில் முப்பதில் போவதே பறக்கிற மாதிரி இருக்கும். மயில் குறுக்கே ஓடும். கரிசல் மண் என்றால் மழைக்கு மறுநாள் போகவே மாட்டான். மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரமே நின்றுவிடும், வழியும் கெட்டுப்போகும். மலைக்குப் போகலாமே என்பார்கள். ஆனைமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் உள்ளே வண்டி விடுவது குற்றம், அதை வீடியோ எடுத்துப் போடுவது அதைவிட முட்டாள்தனம்.

காங்கேயம் பக்கம் ஒரு நாள், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு பால்கேனோடு ஒரு பெரியவர் இதே இட்டேரியில் இவனைத் தாண்டிப் போனார். சுமார் 90 கிலோ வண்டி, சின்னச் சக்கரம், காலில் ரப்பர் செருப்பு. (கொங்கு நாட்டின் உண்மையான ஆஃப்ரோடு வண்டி எது என்ற விவாதத்தை இத்தோடு முடித்துக்கொள்ளலாம்.) கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங் தம்பி, வழி தப்பி வந்துட்டீங்களா?"

"இல்லீங்கய்யா, சும்மா ஓட்டலாம்னு வந்தனுங்க."

"சும்மாவா!" சிரித்தார். "போங்க போங்க. அந்தக் கொறங்காட்டுப் படலைத் தொறந்தா மறக்காம சாத்திட்டுப் போங்க. செம்மறி வெளிய வந்துரும்."

கொறங்காட்டில் ஆடு மேய்க்க ஆள் நிற்பதில்லை, வேலியும் படலும்தான் காவல். அன்றிலிருந்து படலைச் சாத்தி, கயிறு போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான்.

அதற்கு அப்புறம் வந்த இட்டேரி ஒரு கிலோமீட்டர் போனதும் முடிந்துவிட்டது. இரண்டு பக்கத் தோட்டமும் ஒரே ஆள் கைக்குப் போய், நடுவில் கம்பிவேலி போட்டிருந்தது. கிளுவையைப் பிடுங்கி ஓரமாகக் குவித்திருந்தார்கள். வண்டியைத் திருப்ப இடம் இல்லை. லேசான வண்டி என்பதால் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்தே திருப்பிவிட்டான்.